மழைக்கு விழுந்த ட்ரிப் சுவிட்ச்: கெட்டிக்காரப் பிள்ளைகள் ஏன் தொழில் படிக்க வருவதில்லை?

போன கார்த்திகை மழைக்கு மட்டக்களப்பு கல்லடியில் உள்ள எங்கள் வீட்டில் ட்ரிப் சுவிட்ச் விழத் தொடங்கியது. போட்டால் பத்து நிமிடம் நிற்கும், பிறகு விழும். இரண்டு இரவு ஃபேன் இல்லாமல் நுளம்போடு கிடந்தோம். முதலில் வந்தவர் கனகாலமாக வயரிங் செய்கிறவர். பலகையைத் திறந்தார், எல்லாப் பிரேக்கரையும் கீழே தட்டினார், அப்போதும் ட்ரிப் விழுந்தது. "ட்ரிப்தான் பழுது, புதுசு ஒண்டு வாங்குங்க, அதுவரைக்கும் டைரக்டாக் குடுத்து விடுறன்" என்றார். அம்மா விடவில்லை. கரண்ட் அடித்தால் காப்பாற்றுவதற்கென்று வைத்திருக்கிற ஒரே சாமானையே கழற்றிவிட்டு லைட் எரிய வைப்பதா என்று கேட்டார்.

அடுத்த நாள் வந்த பையனுக்கு இருபத்தைந்து வயதுதான் இருக்கும். பலகையைத் தொடுவதற்கு முன்னால் கேள்வி கேட்டான். மழை பெய்யும்போது மட்டும்தானா? மோட்டர் போட்ட பிறகா, போடாமலுமா? வெளியே எத்தனை லைட்? அதற்குப் பிறகு மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டு, ஒருவரும் தொடாத நியூட்ரல் வயர்களைக் கட்டையில் இருந்து ஒவ்வொன்றாகக் கழற்றி, ஒவ்வொன்றுக்கும் மீட்டரை வைத்துப் பார்த்தான். ஐந்தாவது வயரில் பிடித்துவிட்டான். கிணற்றடி லைட்டுக்குப் போகிற லைன். பெட்டியைத் திறந்தால் உள்ளே அரைக் கோப்பை தண்ணீர், நியூட்ரல் இணைப்பும் எர்த் வயரும் ஒன்றாகப் பச்சை பிடித்துக் கிடந்தன.

நான் கணக்கு வாத்தியார் என்றபடியால் விடாமல் கேட்டேன், அவனும் அலுக்காமல் சொன்னான். ட்ரிப் சுவிட்ச் செய்வது ஒரு கழித்தல் கணக்கு, சேர். லைவ் வயரால் போகிற கரண்டும் நியூட்ரலால் திரும்பி வருகிற கரண்டும் சமமாக இருக்க வேண்டும், எங்கேயாவது ஒழுகினால் வித்தியாசம் வரும், அந்த வித்தியாசம் 30 மில்லி அம்பியருக்குப் போவதற்குள் அது விழுந்துவிட வேண்டும். சின்னப் பிரேக்கர்கள் லைவை மட்டும்தான் வெட்டும், நியூட்ரல் அப்படியே பொருந்தித்தான் இருக்கும், ஆனபடியால் நியூட்ரல் எர்த்தோடு முட்டினால் எல்லாப் பிரேக்கரையும் தட்டினாலும் ட்ரிப் விழும். நேற்று வந்தவர் ட்ரிப் பழுது என்று நினைத்தது அதனால்தான். பெட்டியை மாற்றி, வயர் கீழ்ப்பக்கமாக நுழைகிற மாதிரிப் பூட்டி, போகிறபோது பலகையின் மூடிக்கு உள்ளே பென்சிலால் எந்தப் பிரேக்கர் எந்த அறைக்கு என்று எழுதிவிட்டுப் போனான்.

அவன் உயர்தரம் கணிதப் பிரிவு. பௌதிகவியலுக்கு பி. மூன்று தரம் சோதனை எடுத்து மூன்று தரமும் பல்கலைக்கழகம் போக இசட் ஸ்கோர் காணாமல், வீட்டில் இரண்டு வருடம் சும்மா இருந்து, பிறகுதான் எலெக்ட்ரீஷியன் கோர்ஸுக்குப் போயிருக்கிறான். "பதினெட்டு வயசில போயிருந்தா இப்ப நான் வேற எங்கயோ இருந்திருப்பன் சேர்" என்றான். அந்தச் சொல் எனக்குள் கிடந்து வேலை செய்கிறது. நானே வகுப்பில் எத்தனையோ பிள்ளைகளிடம் "படிக்காட்டி மேசன் வேலைக்குத்தான் போவாய்" என்று சொல்லியிருக்கிறேன். அதைக் கேட்டுவிட்டு எந்தக் கெட்டிக்காரப் பிள்ளை மேசன் வேலையையோ வயரிங்கையோ விரும்பி எடுக்கும்?

தொழிற்பயிற்சி என்ற கதை வந்தாலே நம் ஊரில் நாம் யோசிப்பது சோதனையில் விழுந்த பிள்ளையைப் பற்றி. ஓ.எல். காணாதவன், ஏ.எல். விட்டவன், "இவன எங்கயாவது சேத்து விடுங்க" என்று தகப்பன் கூட்டிக்கொண்டு வருகிறவன். அழைப்பே தோல்விக்குப் பிறகு போகிறது. தோற்ற பிறகு கூப்பிடுகிற இடத்துக்குத் தோற்றவர்கள்தான் வருவார்கள், அதைப் பார்த்துவிட்டு மற்றவர்கள் வரமாட்டார்கள், ஆக அந்த இடமே தோற்றவர்களின் இடம் என்று பெயர் எடுத்துவிடும். மற்றக் காரணங்கள் எல்லாம் இதற்குப் பிறகுதான் என்பது என் எண்ணம்.

சரி, இந்த ஏற்பாடு எப்படி இருக்கிறது என்பதைப் பார்ப்போம், ஏனென்றால் ஆசிரியர்களிலேயே பலருக்கு இது தெரியாது. எனக்கும் அந்தப் பையன் வரும்வரை அரைகுறையாகத்தான் தெரியும். தொழில் பழகுநர் சட்டம் இலங்கைக்கு 1971இல் வந்தது. அதன் கீழ் உருவான சபைதான் பிறகு நைட்டா என்று நாம் சொல்கிற தேசிய பயிலுனர், கைத்தொழில் பயிற்சி அதிகார சபையாக மாறியது. 1990ஆம் ஆண்டுச் சட்டம் மூன்றாம் நிலை, தொழிற்கல்வி ஆணைக்குழுவைக் கொண்டுவந்தது. 1995இல் தொழிற்பயிற்சி அதிகார சபைக்குத் தனிச் சட்டம். இவை போக, தொழில்நுட்பக் கல்லூரிகள் இன்னொரு திணைக்களத்தின் கீழ் இயங்குகின்றன. மட்டக்களப்பிலும் இருக்கிறது, சம்மாந்துறையிலும் இருக்கிறது. இத்தனை பெயர்ப்பலகைகளைப் பார்த்தே ஒரு தாய் குழம்பிப் போவாள். எல்லாவற்றையும் ஒரே கயிற்றில் கட்டுவதற்குத்தான் என்.வி.கியூ. என்கிற தேசிய தொழில் தகைமை வந்தது. அதில் ஏழு படி. ஒன்றில் இருந்து நாலு வரை சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு என்றால் பட்டத்துக்குச் சமம். நாலாம் படி எடுத்தவர் மேற்பார்வை இல்லாமல் தானாக நின்று வேலை செய்யக்கூடியவர் என்று அர்த்தம். மேலே படிக்க 2008ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த யுனிவோட்டெக் பல்கலைக்கழகம் இரத்மலானையில் இருக்கிறது.

இந்த ஏழாம் படியைத்தான் ஒருவரும் சொல்வதில்லை. கெட்டிக்காரப் பிள்ளை ஒரு பாதைக்குள் இறங்க முதல் கேட்கிற கேள்வி, "இது எங்க போய் முடியும்?" என்பது. டாக்டர் படிப்பென்றால் எங்கே முடியும் என்று தெரியும். தொழிற்பயிற்சி ஆறு மாதத்தில் ஒரு சான்றிதழோடு முடிகிறது, அதற்குப் பிறகு சுவர் என்று அந்தப் பிள்ளை நினைக்கிறது. சுவர் இல்லை, ஏணி இருக்கிறது. ஆனால் நம் மாவட்டத்துப் பிள்ளைக்கு அந்த ஏணியின் மேல் படிகள் தூரத்தில் இருக்கின்றன என்பதையும் மறைக்கக் கூடாது. நாலாம் படிக்கு மேலே போக வேண்டும் என்றால் பலருக்கு வீட்டை விட்டு, அறை எடுத்து, தமிழில் படிப்பிக்கிற ஆள் கிடைக்குமா என்ற பயத்தோடு போக வேண்டி வருகிறது. ஒரு மெக்கானிக் பிள்ளைக்கு வயரிங் படம் வாசிக்க ஆங்கிலச் சொல் தேவைதான், அதை அவன் பிடித்துக்கொள்வான். ஆனால் ஏன் அப்படி நடக்கிறது என்கிற விளக்கம் தாய்மொழியில் கிடைத்தால்தான் மண்டைக்குள் ஏறும்.

பயிலுனர் முறை என்பது வகுப்பில் மட்டும் இருந்து படிப்பதில்லை. ஒரு கராஜிலோ, ஹோட்டலிலோ, கட்டட வேலையிலோ சேர்ந்து, செய்துகொண்டே பழகி, முடிவில் தொழிற்சோதனை எழுதிச் செய்து காட்டி சான்றிதழ் எடுப்பது. இடையில் கொஞ்சம் அலவன்ஸ் வரும். இங்கேதான் ஏழைப் பிள்ளைக்கு முதல் இடி. நாள் கூலிக்குப் போனால் பின்னேரம் கையில் காசு, பயிலுனராகப் போனால் மாதக்கடைசியில் பஸ் காசுக்குக் காணுமா என்று யோசிக்க வேண்டிய ஒரு தொகை. 2022க்குப் பிறகு சாமான் விலை ஏறிய வேகத்துக்கு இந்த உதவித்தொகைகள் ஏறவில்லை. படுவான்கரையில் இருந்து, கொக்கட்டிச்சோலைப் பக்கம் இருந்து, தினமும் பாலம் கடந்து வந்து போகிற பிள்ளை இரண்டு மாதத்தில் ஏன் நின்றுவிட்டான் என்று கேட்டால் காரணம் சோம்பல் கிடையாது, காசு.

அப்புறம் கலியாணம். இதைச் சொல்லாமல் நம் பக்கத்தில் தொழிலைப் பற்றிப் பேசவே முடியாது. மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும், தமிழர் முஸ்லிம் இரண்டு பக்கமும், வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். அதனால் பெண் பிள்ளை பிறந்த நாளில் இருந்தே தகப்பன் மனதில் ஒரு அத்திவாரம் போட்டுவிடுவார். வளவுக்குள் அந்த வீடு கட்டினால்தான் உண்டு. சீமெந்து விலை ஏறினாலும், கடன் பட்டாலும், வெளிநாட்டில் இருந்து காசு வந்தாலும் வராவிட்டாலும் வீடு எழும்பும். உலகத்தில் மேசனுக்கு இதைவிட நம்பிக்கையான ஊர் இருக்காது. ஆரையம்பதியிலும் களுவாஞ்சிகுடியிலும் கல்முனையிலும் நல்ல மேசனைப் பிடிக்க மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள். அந்த வீட்டைக் கட்டுகிற மேசன் தூக்குக்குண்டு விட்டு, மூலைமட்டம் வைத்து, கூரை உயரமும் மழைத்தண்ணீர் போகிற வாட்டமும் மனக்கணக்கில் சொல்கிறவன், கூலியும் ஒரு எழுதுவினைஞர் எடுப்பதைவிடக் குறைவில்லை. ஆனால் கட்டி முடித்த வீட்டுக்கு மாப்பிள்ளை தேடும்போது அந்தத் தகப்பன் வாயில் வருவது, "கவர்மெண்ட் வேலை இருந்தா நல்லம்."

தகப்பனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சுனாமியைப் பார்த்தவர், யுத்தத்தில் வேலை வெட்டி இல்லாமல் கிடந்தவர், கொரோனாவுக்குள்ளும் மாதம் முடிய சம்பளம் வந்தது அரச உத்தியோகத்தருக்குத்தான் என்று கண்ணால் கண்டவர். பென்சன் என்ற சொல்லுக்கு அவரிடம் இருக்கிற பெறுமதி அப்படி வந்தது. தனியார் வேலையில் ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளி 8 சதவீதம், முதலாளி 12 சதவீதம் கட்ட வேண்டும், நம்பிக்கை நிதிக்கு முதலாளி இன்னொரு 3 சதவீதம் கட்ட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. நான் விசாரித்த கராஜ்களிலும் கட்டட வேலைகளிலும் அதைக் கட்டுகிறவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது. கால் முறிந்தால் என்ன, அறுபது வயதில் சாரம் ஏற முடியாமல் போனால் என்ன என்ற கேள்விக்குப் பதில் இல்லாத தொழிலுக்கு ஒரு தகப்பன் தன் கெட்டிக்கார மகனை ஏன் அனுப்ப வேண்டும்? பிள்ளைகளுக்கு விழிப்புணர்வுக் கருத்தரங்கு வைப்பதை விட, கராஜ் முதலாளிகளை சேமலாப நிதி கட்ட வைப்பது கூடப் பலன் தரும் என்று நான் நினைப்பது இதனால்தான்.

மற்றப் பக்கத்தையும் பார்க்க வேண்டும். உயர்தரத்தில் பல்கலைக்கழகத் தகுதி பெறுகிறவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்குத்தான் அரச பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்கிறது. கிடைத்துப் படித்து முடித்தவர்கள் 2017இல் மட்டக்களப்பு காந்திப் பூங்காவில் வேலை கேட்டு மாதக்கணக்கில் சத்தியாக்கிரகம் இருந்ததை நாம் எல்லோரும் பார்த்தோம். வெயிலில் இருந்த அந்தப் பிள்ளைகளில் என்னிடம் கணக்குப் படித்தவர்களும் இருந்தார்கள், கிட்டப் போய்ப் பேச எனக்குச் சொல் வரவில்லை. 2020இல் 50,000 பட்டதாரிகளைச் சேர்க்கும் திட்டத்தில் மாதம் 20,000 ரூபாய் கொடுத்து ஒரு வருடம் வைத்திருந்தார்களே, அவர்களுக்கு வைத்த பெயரும் பயிலுனர்தான். பட்டத்துக்குப் பின்னால் வந்தால் அந்தச் சொல்லில் ஒரு குறையும் இல்லை, கராஜுக்கு முன்னால் வந்தால் மட்டும் குறைச்சல்.

என் மாமா ஒருவர் சுவிஸில் பேர்ன் பக்கம் இருக்கிறார். அவருடைய மகன் பதினாறு வயதில் 'லேர' தொடங்கினான். தொழில் பழகுவதை அங்கத்தைய நம் பிள்ளைகள் அந்த டொச் சொல்லால்தான் சொல்வார்கள். வீடுகளுக்குத் தண்ணீர்க் குழாய் பூட்டுகிற தொழில். கிழமையில் கூடுதலான நாட்கள் கம்பனியில் வேலை, ஒன்றிரண்டு நாள் பள்ளிக்கூடம், மாதம் சம்பளம். மாமி வாட்ஸ்அப்பில் அவன் வேலை உடுப்போடு நிற்கிற படத்தை எல்லோருக்கும் அனுப்பினார். சுவிஸில் கட்டாயக் கல்வி முடிக்கிற பிள்ளைகளில் மூன்றில் இரண்டு பங்கு இந்தப் பாதையைத்தான் எடுக்கிறார்கள். 1994இல் அவர்கள் தொழில் பழகுகிறவர்களுக்கென்று ஒரு தனி உயர் சான்றிதழைக் கொண்டுவந்து, அதை எடுத்தவர் தொழில்சார் பல்கலைக்கழகத்துக்குப் போகலாம் என்று கதவைத் திறந்துவிட்டார்கள். யூ.பி.எஸ். வங்கியின் தலைமை நிர்வாகி சேர்ஜியோ எர்மோட்டி தன் தொழில் வாழ்க்கையைத் தொடங்கியது ஒரு வங்கியில் பயிலுனராக. அங்கே பிள்ளையைப் பதினைந்து பதினாறு வயதில், சோதனையில் விழ முதலே கேட்கிறார்கள். எட்டாம் ஒன்பதாம் வகுப்பிலேயே சில நாட்கள் வேலைத்தலத்துக்கு அனுப்பி, பிடித்திருக்கிறதா என்று பார்க்க விடுகிறார்கள். கம்பனியும் விண்ணப்பம் வாங்கித் தேர்ந்தெடுக்கிறது, நல்ல இடத்துக்குப் போட்டி. போட்டி இருக்கிற இடத்துக்குக் கெட்டிக்காரப் பிள்ளை தானாகவே போகும். நம் பிள்ளைகள் புலமைப்பரிசில் பரீட்சைக்குப் பத்து வயதிலேயே ஓடுவதும் அதனால்தானே. அதே மாமி, இங்கே தன் தங்கச்சியின் மகன் பைப் வேலை படிக்கப் போகிறேன் என்றபோது, "ஏன் மனே, ஏ.எல். இன்னொருக்கா எடுத்துப் பாரன்" என்றுதான் சொன்னார். அன்பில் சொன்னதுதான். அங்கே அந்தத் தொழிலுக்குப் பின்னால் ஒரு நாடு நிற்கிறது என்று அவருக்குத் தெரியும். இங்கே ஒருவரும் நிற்கவில்லை என்பதும் தெரியும்.

நம் மண்ணில் இது புதிய கதையும் கிடையாது. காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தர் துறவியாவதற்கு முன், மயில்வாகனமாக, 1916இல் விஞ்ஞான டிப்ளோமா எடுத்தது கொழும்பு அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியில். யாழின் நரம்புகளைக் கணக்குப் போட்டு ஆராய்ந்த மனிதர் தொழில்நுட்பக் கல்லூரிப் பிள்ளை என்பதை நாம் அவருடைய நினைவு விழாவில்கூடச் சொல்வதில்லை. கல்லோயா நீர்ப்பாசனத் திட்டத்தோடு அம்பாறையில் எழுந்த ஹார்டி என்ற தொழில்நுட்பப் பயிற்சி நிலையம் இன்றும் உயர் தொழில்நுட்பவியல் நிறுவனமாக நடக்கிறது. மட்டக்களப்பில் ஈஸ்டர்ன் டெக்னிக்கல் இன்ஸ்டிடியூட் என்ற தொழிற்பயிற்சி நிலையத்தை நடத்திய இயேசு சபைப் பாதிரியார் யூஜின் ஹேபர், புனித மிக்கேல் கல்லூரியில் கூடைப்பந்தாட்டம் பழக்கிய அமெரிக்கர், 1990 ஆகஸ்ட் 15ஆம் திகதி வாழைச்சேனையில் இருந்து மட்டக்களப்புக்குப் புறப்பட்டவர் வந்து சேரவே இல்லை. யுத்தம் எடுத்துக்கொண்டவற்றில் இப்படித் தொழிலையும் விளையாட்டையும் ஒரே மதிப்போடு பிள்ளைகளுக்குக் கொடுத்த மனிதர்களும் உண்டு.

இப்போது நல்ல மாற்றங்கள் இல்லாமல் இல்லை. 2013இல் உயர்தரத்துக்குத் தொழில்நுட்பப் பிரிவு வந்தது. 2017இல் 13 வருட உத்தரவாதக் கல்வி தொடங்கியது, ஓ.எல். பெறுபேறு எப்படி இருந்தாலும் பாடசாலையிலேயே தொழில் பாடத்தோடு இரண்டு வருடம் தொடரலாம். நோக்கம் நல்லது. ஆனால் நான் கண்ட இடங்களில் அதுவும் "ஓ.எல். காணாத பிள்ளைகளின் வகுப்பு" என்ற பெயரை எடுத்துவிட்டது, ஓ.எல். ஒன்பது ஏ எடுத்த பிள்ளையிடம் போய் "இதையும் யோசித்துப் பார்" என்று சொல்கிற அதிபரை நான் இன்னும் காணவில்லை. முன்கற்றலை அங்கீகரிக்கிற முறையும் இருக்கிறது. வகுப்புக்கே போகாமல் இருபது வருடம் வேலை செய்த ஓடாவியும் மேசனும் தங்கள் வேலையைக் காட்டி, சோதனை கொடுத்து, என்.வி.கியூ. எடுக்கலாம். இதை நான் பெரிதாக நினைக்கிறேன், ஏனென்றால் பிள்ளை பழகப் போகிற ஆளுக்கே ஒரு தகைமை இருந்தால்தான் அந்தப் பிள்ளைக்குத் தன் குருவைப் பற்றி வீட்டில் சொல்ல ஒரு சொல் கிடைக்கும். எங்கள் வீட்டுக்கு முதலில் வந்தவரும் கெட்டவர் இல்லை. அவருக்கு ஏன் என்று சொல்லித்தர ஒருவரும் இருக்கவில்லை.

வெளிநாடு போகிற கதை தனியாகவே எழுத வேண்டியது. 2022இல் மட்டும் 3 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் இந்த நாட்டில் இருந்து வேலைக்குப் போனார்கள். தகைமையோடு போகிறவனுக்கும் வெறுங்கையோடு போகிறவனுக்கும் சம்பளத்தில் மட்டுமில்லை, படுக்கிற அறையில், லீவில், முதலாளி பேசுகிற விதத்தில் எல்லாம் வித்தியாசம் என்று போய் வந்தவர்கள் சொல்கிறார்கள். எல்லோரும் போய்விட்டால் இங்கே யார் என்ற கவலையும் எனக்கு இருக்கிறது.

என்னால் ஆனது என்று ஒன்றைத் தொடங்கினேன். அந்தப் பையனைப் பத்தாம் வகுப்புக்குக் கூட்டிக்கொண்டு போய், ஒரு பலகையில் ட்ரிப், நாலு பிரேக்கர், இரண்டு பல்பு பூட்டி வைத்து, வேண்டுமென்றே ஒரு பிழையை ஒளித்துவிட்டு, கண்டுபிடியுங்கள் என்றோம். மெயினைத் தொட விடவில்லை, மீட்டரோடுதான் வேலை. சோதனையில் முதலாவது வருகிற இரண்டு பேர் திணறினார்கள். பின்வாங்கில் இருக்கிற பையன் ஒருவன் கிட்ட வந்தான். கடைசியில் பிடித்தது ஒரு பெண் பிள்ளை, ஏழு நிமிடத்தில், நியூட்ரலை முதலில் கழற்றிப் பார்க்க வேண்டும் என்று தானாகவே நினைத்தவள். வகுப்பில் கணக்குக்கு எப்போதும் தொண்ணூறுக்கு மேல் எடுக்கிறவளும் அவள்தான்.

போன கிழமை அவளுடைய தாய் வந்தார். வீட்டுக்குப் போய் வயரிங் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறாளாம். "சேர், பொம்புளப் புள்ள ஏணியில ஏறி வயர் இழுத்தா ஊர் என்ன சொல்லும்?" என்று கேட்டார். நான் ஏழு படியையும் ஒரு தாளில் கீறிக் காட்டினேன், டிப்ளோமா எங்கே, பட்டம் எங்கே, இடையில் உயர்தரம் எடுத்தாலும் எங்கே வந்து சேரலாம் என்று. டிசைன் பண்ணுகிற வேலை இருக்கிறது, சோலார் பூட்டுகிற வேலை இருக்கிறது, ஏணி ஏறுவதும் வெட்கமில்லை என்று சொன்னேன். கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மடித்துக் கைப்பைக்குள் வைத்தார். "அவட வாப்பாட்டயும் ஒருக்கா கதைச்சிட்டு மறுகா வாறன் சேர்" என்றார். சாதாரண தரப் பரீட்சைக்கு அவளுக்கு இன்னும் ஒரு வருடம் இருக்கிறது.